பி.பி. நம்பரும் ப்ராக்ஸி சர்வரும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், கம்ப்யூட்டர் துறை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "பொதுவா ஏதாவது பேசுங்க, அரைமணி நேரம் போதும்" என்றார். பொதுவாகப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன சமாச்சாரம்தான். நாம எழுதுற ப்ரோகிராம் ஆபீஸ் வாசலைத் தாண்டி இன்டர்நெட்டுக்குப் போகும்போது நடுவில் ஒருத்தர் நிற்பார். அவர் பெயர் ப்ராக்ஸி சர்வர். அவரிடம் எப்படிப் பேசுவது என்று ப்ரோகிராம் லைப்ரரிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இன்றைய பேச்சு. லைப்ரரி என்றதும் நம்ம கல்லூரி நூலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்தவர் எழுதி வைத்த நிரலை நாம எடுத்துப் பயன்படுத்துகிறோமே, அந்த லைப்ரரி. இதிலும் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறோம் என்பது மட்டும் ஒற்றுமை.

கம்ப்யூட்டர் துறை அல்லாத நண்பர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு விஷயம். நம்ம காலத்து விசிட்டிங் கார்டுல போன் நம்பருக்குப் பக்கத்துல "பி.பி." என்று போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கா? நம்ம வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி கடையில் உண்டு. வெளியூருக்குப் பேசணும்னா அண்ணாச்சி மூலமாகத்தான். அண்ணாச்சிக்கு யார் யாரோடு பேசினார்கள் என்பது தெரியும். வேண்டாதவனாக இருந்தால் "லைன் சரியில்ல தம்பி" என்று சொல்லிவிடவும் முடியும். ப்ராக்ஸி என்பது இந்த அண்ணாச்சிதான்.

சாதாரண ஹெச்.டி.டி.பி. தொடர்பில், சொல்ல வேண்டியதை முழுசா அண்ணாச்சியிடம் சொல்லிவிடுகிறோம்; அவரே பேசி, பதிலைக் கேட்டு வந்து நம்மிடம் சொல்கிறார். பூட்டுப் போட்ட ஹெச்.டி.டி.பி.எஸ். தொடர்பில் கதை வேறு. "கனெக்ட்" என்று ஒரு கட்டளை. இன்ன ஊர், இன்ன நம்பர், போட்டுக் கொடுங்க அண்ணாச்சி என்கிறோம். அவர் லைன் கிடைத்ததும் ரிசீவரை நம் கையில் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு நாம் சங்கேத பாஷையில் பேசுகிறோம். யாரைக் கூப்பிட்டோம் என்பது அவருக்குத் தெரியும், என்ன பேசினோம் என்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனசில் இருந்தால் மீதி எல்லாம் சுலபம்.

இது புதுசு ஒன்றும் இல்லை. 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் வைய விரிவு வலை மாநாட்டுக்கே ஆரி லுவோட்டனன், கெவின் ஆல்டிஸ் என்ற இரண்டு பேர் ப்ராக்ஸியைப் பற்றிக் கட்டுரை கொடுத்துவிட்டார்கள். 1996-ல் ஸ்க்விட் வந்தது. இலவச மென்பொருள். நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஒரு இணைப்பை வைத்துக்கொண்டு நூறு பேர் இணையம் பார்த்தது ஸ்க்விட் புண்ணியத்தில்தான். 3128 என்ற போர்ட் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் இந்த அரங்கில் குறைந்தது பத்துப் பேர் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம், வயசு தெரிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ப்ரௌசரில் ப்ராக்ஸி போடுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, நிரப்பினால் முடிந்தது. ப்ரோகிராமில் அந்தப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு லைப்ரரியும் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. ஒரே வீட்டில் மாமியார் சமையல், மருமகள் சமையல் மாதிரி.

பழைய யூனிக்ஸ் வழக்கம், என்விரான்மென்ட் வேரியபிள். "ஹெச்.டி.டி.பி. அண்டர்ஸ்கோர் ப்ராக்ஸி" என்று ஒரு பெயர், "ஹெச்.டி.டி.பி.எஸ். அண்டர்ஸ்கோர் ப்ராக்ஸி" என்று இன்னொன்று, யாருக்கெல்லாம் ப்ராக்ஸி வேண்டாம் என்பதற்கு "நோ அண்டர்ஸ்கோர் ப்ராக்ஸி". இவற்றில் முகவரியை எழுதி வைத்தால் கர்ல் படிக்கும், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் படிக்கும், கோ மொழியின் சொந்த லைப்ரரி படிக்கும். ஜாவா படிக்காது! ஜாவாவுக்கு இந்த வழக்கமே தெரியாது. அதற்குத் தனியாக "ஹெச்.டி.டி.பி. புள்ளி ப்ராக்ஸிஹோஸ்ட்", "ப்ராக்ஸிபோர்ட்" என்று ப்ராபர்ட்டி கொடுக்க வேண்டும். "ஹோஸ்ட்"டின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் தப்பு என்று சொல்லுமா? சொல்லாது. பேசாமல் விட்டுவிட்டு ப்ராக்ஸி இல்லாமலே வெளியே போகப் பார்க்கும். ஃபயர்வால் கதவை அடைக்கும். நாம் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் "டைம் அவுட்".

ஜாவாவில் இன்னொரு குறும்பு. ஹெச்.டி.டி.பி.க்குப் போட்ட ப்ராக்ஸி ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குச் செல்லாது. அதற்குத் தனி ஜோடி போட வேண்டும். ஆனால் விதிவிலக்குப் பட்டியல் மட்டும் இரண்டுக்கும் பொது; அதற்குப் பெயர் "ஹெச்.டி.டி.பி. புள்ளி நான்ப்ராக்ஸிஹோஸ்ட்ஸ்" ஒன்றுதான். ஒற்றுமையாக இருக்கட்டுமே என்று ஹெச்.டி.டி.பி.எஸ். சேர்த்து ஒன்று எழுதினால், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பட்டியலில் பெயர்களுக்கு நடுவே கமா போடக்கூடாது, நெட்டுக்கோடு போட வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் கமா. இதற்குக் காரணம் கேட்காதீர்கள். வரலாற்றுக் காரணம் என்பார்கள். காரணம் இல்லை என்பதற்கு அது மரியாதையான பெயர்.

அந்த "நோ ப்ராக்ஸி" பட்டியல் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தெரிந்து அதிகமாகத் தலைவலி கொடுப்பது. எல்லோருக்கும் பொதுவான இலக்கணம் எழுதப்படவே இல்லை. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் ஒரு லைப்ரரி ஒரு மாதிரி அர்த்தம் செய்துகொள்ளும், இன்னொன்று வேறு மாதிரி. உள் நெட்வொர்க் முழுவதையும் "10.0.0.0 சாய்கோடு 8" என்று ஒரே வரியில் எழுதினால் கோவுக்குப் புரியும், ரிக்வெஸ்ட்ஸுக்கும் புரியும். கர்லுக்கு 2022 அக்டோபரில் வந்த 7.86 பதிப்பிலிருந்துதான் புரியும். அதற்கு முந்தைய கர்ல் அதை வெறும் எழுத்தாகப் பார்க்கும். அப்போது உள்ளே பக்கத்து அறையில் இருக்கிற சர்வருக்கான கோரிக்கை, தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போய் நிற்கும். அவர் "அப்படி ஒரு வீடே தெரியாதே" என்பார். ஒரே சர்வரில் மூன்று மொழி ப்ரோகிராம் ஓடினால், மூவருக்கும் புரிகிற மாதிரி முழுப் பெயர்களைத் தனித்தனியாக எழுதிவிடுவதே என் வழக்கம். பட்டியல் நீளமாகும். ஆகட்டும்.

ரிக்வெஸ்ட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் ப்ராக்ஸியை ஒரு அகராதியாகக் கொடுக்கிறோம். இடப்பக்கம் ஹெச்.டி.டி.பி.எஸ். என்று எழுதுவது நாம் போக வேண்டிய ஊரைக் குறிக்கும். வலப்பக்கம் எழுதுவது அண்ணாச்சி கடைக்குப் போகிற வழி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வலப்பக்கமும் ஹெச்.டி.டி.பி.எஸ். போட்டவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில். பல வருஷம் அது வேலையும் செய்தது, ஏனென்றால் அடியில் இருக்கிற யூ.ஆர்.எல்.லிப்-3 அந்த "எஸ்"ஸைக் கண்டுகொள்ளவில்லை. 2020 நவம்பரில் 1.26 பதிப்பு வந்தது. ப்ராக்ஸியிடமே பூட்டுப் போட்டுப் பேசும் வசதியைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து அந்த "எஸ்" உண்மையான அர்த்தம் பெற்றது. பூட்டுத் தெரியாத ப்ராக்ஸிகளிடம் போய் ப்ரோகிராம் பூட்டைக் காட்டியது. நேற்றுவரை ஓடிய ப்ரோகிராம் இன்று காலை நின்றது. எழுதியவர்களுக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்றே புரியவில்லை.

இன்னொன்று, செஷனில் நீங்கள் ஒரு ப்ராக்ஸி போட்டிருந்தாலும், என்விரான்மென்டில் வேறு ஒன்று இருந்தால் அதுதான் ஜெயிக்கும். ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. என்விரான்மென்டே வேண்டாம் என்றால் "ட்ரஸ்ட் என்வ்" என்பதைப் பொய் என்று வைக்க வேண்டும். லிப்கர்லில் ப்ராக்ஸிக்கு வெற்றுச் சரம் கொடுத்தால் அதே பலன்.

இப்போது கடவுச்சொல். ப்ராக்ஸிக்கு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டென்றால் முகவரிக்குள்ளேயே எழுதுகிறோம்: பெயர், இரட்டைப்புள்ளி, பாஸ்வேர்டு, பிறகு "அட்" குறி, பிறகு ப்ராக்ஸியின் பெயர். நம்ம ஆட்கள் பாஸ்வேர்டு எப்படி வைப்பார்கள்? குலதெய்வம் பெயர், "அட்" குறி, 123. தீர்ந்தது. பாஸ்வேர்டுக்குள் இருக்கிற "அட்" குறியே பாஸ்வேர்டு முடிந்த இடம் என்று சில லைப்ரரி எடுத்துக்கொண்டு, 123-ல் ஆரம்பிக்கிற ஒரு சர்வரைத் தேடும். அந்தக் குறிக்குப் பதில் "சதவீதக்குறி 40" என்று எழுத வேண்டும். "ஹேஷ்" குறிக்கு "சதவீதக்குறி 23". இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி நான் எத்தனை பேரை வீட்டுக்கு நேரத்தோடு அனுப்பியிருக்கிறேன் தெரியுமா!

நண்பர்களே, இதெல்லாம் வெறும் கமா, புள்ளி விவகாரம் என்று தோன்றும். அப்படி இல்லை என்பதற்கு நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயர், கம்பெனி பெயர் வேண்டாம்.

2016 அக்டோபர். அந்த வருஷம் தீபாவளி 29-ஆம் தேதி, சனிக்கிழமை. மில் தொழிலாளர்கள் பல ஆயிரம் பேருடைய சம்பளக் கணக்கைப் பார்க்கிற ஒரு நிறுவனத்துக்கு நான் ஆலோசனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 24-ஆம் தேதி திங்கட்கிழமை போனஸ் பட்டியல் வங்கிக்குப் போக வேண்டும். போகவில்லை. ஜாவா ப்ரோகிராம், ப்ராக்ஸி வழியாக வங்கிக்கு ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸில் அனுப்புவது. லாகில் ஒரே வரி: ப்ராக்ஸி வழியாகச் சுரங்கம் போட முடியவில்லை, 407.

407 என்றால் என்ன? அண்ணாச்சி, "நீ யாருன்னு சொல்லு, அப்புறம்தான் போன்" என்கிறார். அவ்வளவுதான்.

அந்த ப்ரோகிராமைப் பார்த்துக்கொண்டது ஒப்பந்தத்தில் வந்த ஒரு பையன். 24 வயசு இருக்கும். முந்தின வியாழக்கிழமைதான் பட்டியலின் வடிவத்தில் ஏதோ சின்ன மாற்றம் செய்திருந்தான். போதாதா? "கடைசியா தொட்டது யாரு?" என்ற கேள்விக்குக் கையோடு ஆள் கிடைத்துவிட்டார். செவ்வாய் மதியத்துக்குள் அவனைத் திருப்பி அனுப்பும் மெயில் தயாராகிக்கொண்டிருந்தது. அவன் தன் மாற்றத்தைப் பழையபடி திருப்பி வைத்தும் 407. பாஸ்வேர்டை மாற்றியும் 407. "சார், ப்ரௌசர்ல அதே யூசர், அதே பாஸ்வேர்டு, போகுது சார்" என்று என்னிடம் சொன்னபோது அவன் குரல் அடைத்திருந்தது.

நான் கேட்டது ஒன்றுதான். "தம்பி, இந்த மெஷின்ல ஜாவா என்ன பதிப்பு?" பார்த்தான். 8, அப்டேட் 111. பக்கத்தில் இருந்த சோதனை மெஷினில் அப்டேட் 101. சனிக்கிழமை இரவு சர்வர் பராமரிப்புக் குழு எல்லா மெஷினுக்கும் புது அப்டேட் போட்டிருக்கிறார்கள். அது அவர்கள் கடமை, குறை சொல்ல முடியாது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஆரக்கிள் அந்த 111-ஐ வெளியிட்டது அக்டோபர் 18-ஆம் தேதி. கூடவே வந்த குறிப்பில் இருந்தது: ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸுக்காகச் சுரங்கம் போடும்போது ப்ராக்ஸியிடம் "பேசிக்" முறையில் பாஸ்வேர்டு கொடுப்பது இனி நிறுத்தப்படும். நியாயமான முடிவுதான். பேசிக் முறையில் பாஸ்வேர்டு வெறும் வேஷம் மாற்றிப் போகிறது, பூட்டுப் போட்டுப் போவதில்லை. சுரங்கம் பூட்டுள்ளது; சுரங்கத்தைத் திறக்கக் கொடுக்கிற சீட்டு திறந்த கடிதம். கேட்கிறவன் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஜாவா சீட்டைக் கொடுக்க மறுத்தது, அண்ணாச்சி சீட்டில்லாமல் போன் தர மறுத்தார். ப்ரௌசருக்கு இந்தத் தடை கிடையாது, அதனால் அங்கே போனது.

"டனலிங் டிஸேபிள்ட் ஸ்கீம்ஸ்" என்ற அமைப்பை வெறுமையாக வைத்து அன்று மாலையே பட்டியலை அனுப்பினோம். அது தற்காலிகம். புதன்கிழமை ப்ராக்ஸி பார்ப்பவரிடம் பேசி, இந்த ஒரு சர்வரிலிருந்து இந்த ஒரு வங்கி முகவரிக்கு மட்டும் பாஸ்வேர்டு கேட்காமல் விடும்படி விதி எழுதச் சொன்னேன். பிறகு அந்த அமைப்பைப் பழையபடியே விட்டுவிட்டோம். போனஸ் வியாழக்கிழமை கணக்கில் ஏறியது. மெயில் போகவில்லை. பையன் அங்கேயே இன்னும் மூன்று வருஷம் இருந்தான். மன்னிப்பு யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

தம்பி தங்கைகளுக்கு: "நேற்றுவரை ஓடியது" என்று யாராவது சொன்னால், நிரலை மட்டும் பார்க்காதீர்கள். லைப்ரரியின் பதிப்பு, மொழியின் பதிப்பு, இரண்டையும் முதலில் பாருங்கள். பிழைச் செய்தியே பாதி விடை சொல்லும். 407 வந்தால் சந்தோஷப்படுங்கள். ப்ராக்ஸி வரை போயாச்சு, அடையாளம்தான் தகராறு. 403 வந்தால் பெரும்பாலும் அண்ணாச்சிக்கு அந்த ஊரே பிடிக்கவில்லை. 502, 504 என்றால் அவர் முயற்சி செய்தார், அந்தப் பக்கம் எடுக்கவில்லை. "ஹோஸ்ட் பெயர் தெரியவில்லை" என்று வெளியூர்ப் பெயருக்கு வந்தால், நம்ம ப்ரோகிராம் ப்ராக்ஸியிடம் போகவே இல்லை என்று அனேகமாக முடிவு கட்டலாம். ஏனென்றால் ஹெச்.டி.டி.பி. ப்ராக்ஸி இருந்தால் பெயரை முகவரியாக மாற்றுவது அவர் வேலை, நம் வேலை இல்லை. சாக்ஸ்-5 ப்ராக்ஸியில் மட்டும் ஜாக்கிரதை. கர்லில் "சாக்ஸ்5" என்று எழுதினால் பெயரை நாமே தேடுவோம். கடைசியில் ஒரு "ஹெச்" சேர்த்தால்தான் ப்ராக்ஸி தேடும். ஒரு எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு.

ப்ரௌசரில் வருகிறது, ப்ரோகிராமில் வரவில்லை என்ற புலம்பலுக்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, "பேக்" கோப்பு. 1996-ல் நெட்ஸ்கேப் கொண்டுவந்தது. எந்த முகவரிக்கு எந்த ப்ராக்ஸி என்று ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சின்ன நிரல். ப்ரௌசர் அதை ஓட்டிப் பார்க்கும். பெரும்பாலான லைப்ரரிகள் ஓட்டாது. கோப்பை நீங்களே திறந்து கண்ணால் படித்து, உங்களுக்கு வேண்டிய ப்ராக்ஸியை எடுத்துக் கையால் எழுத வேண்டியதுதான்.

இரண்டாவது கொஞ்சம் விவகாரமானது. சில அலுவலகங்களில் அண்ணாச்சி ரிசீவரைக் கொடுப்பதில்லை. எதிர்முனை ஆள் மாதிரியே குரல் மாற்றி உங்களிடம் பேசுவார், உங்கள் குரலில் அங்கே பேசுவார். நடுவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். வைரஸ் பரிசோதனைக்கு என்று சொல்வார்கள். நிறுவனம் தன் சான்றிதழை ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஏற்றியிருப்பதால் ப்ரௌசர் நம்பிவிடும். ரிக்வெஸ்ட்ஸ் தனக்கென்று தனிச் சான்றிதழ் மூட்டை வைத்திருக்கிறது, ஜாவாவும் அப்படித்தான். இரண்டும் "இது வேற குரல்" என்று கத்தும். கத்துவது அதன் கடமை! நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "வெரிஃபை" என்பதைப் பொய் என்று வைத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். சோதனைக்கு என்று வைத்தது அப்படியே வாடிக்கையாளர் வரைக்கும் போகும். அதற்குப் பிறகு நடுவில் யார் உட்கார்ந்தாலும் அந்த ப்ரோகிராமுக்குத் தெரியாது. நிறுவனத்தின் சான்றிதழைக் கேட்டு வாங்கி லைப்ரரியின் மூட்டையில் சேர்க்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவு செய்யாதவர்களோடு எனக்கு இன்றும் சண்டை.

கடைசியாக ஒன்று, இது பேராசிரியர்களுக்குப் பிடிக்கும். வெப் சர்வர், சி.ஜி.ஐ. ப்ரோகிராமை ஓட்டும்போது, வெளியாள் அனுப்பும் ஒவ்வொரு தலைப்பு வரியையும் "ஹெச்.டி.டி.பி. அண்டர்ஸ்கோர்" என்று முன்னொட்டுச் சேர்த்துப் பெரிய எழுத்தில் என்விரான்மென்டில் வைக்கும். வெளியாள் ஒருவன் "ப்ராக்ஸி" என்ற பெயரில் ஒரு தலைப்பு அனுப்பினால்? அது "ஹெச்.டி.டி.பி. அண்டர்ஸ்கோர் ப்ராக்ஸி" ஆகிவிடும். உள்ளே இருக்கிற லைப்ரரி, இதுதான் நம்ம அண்ணாச்சி என்று நம்பி, தான் வெளியே அனுப்பும் ஹெச்.டி.டி.பி. கோரிக்கைகளை அந்த வெளியாள் வீட்டுக்கு அனுப்பும். தெருவில் போகிறவன் நம் வீட்டுக் கதவில் "இனி பி.பி. நம்பர் இது" என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போகிற மாதிரி. 2001-லேயே பெர்ல் லைப்ரரியில் இதை ராண்டல் ஷ்வார்ட்ஸ் எடுத்துச் சொல்லி, திருத்தினார்கள். அதே வருஷம் கர்லிலும் திருத்தினார்கள். அதனால்தான் இன்றும் கர்ல், இந்த ஒரு பெயரை மட்டும் சின்ன எழுத்தில் இருந்தால்தான் ஏற்கும். 2012-ல் ரூபிக்காரர்கள் தாங்களாகவே கண்டு ஒதுங்கினார்கள். மற்றவர்கள் காதில் விழவில்லை. 2016 ஜூலை 18-ஆம் தேதி "ஹெச்.டி.டி.பாக்ஸி" என்று பெயர் வைத்து அறிவித்தபோது பி.ஹெச்.பி., கோ, பைத்தான் என்று வரிசையாகத் திருத்தம் வந்தது. பதினைந்து வருஷம்!

துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். உங்கள் ப்ராஜெக்டில் இன்டர்நெட்டுக்குப் போகும் நிரல் ஏதாவது இருந்தால், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஸ்க்விட்டை நிறுவி, பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்து, அதன் வழியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாஸ்வேர்டில் ஒரு "அட்" குறி கட்டாயம் இருக்கட்டும். பிறகு ஸ்க்விட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ப்ராக்ஸி கிடைக்கவில்லை என்று ப்ரோகிராம் தெளிவாகச் சொல்கிறதா, சும்மா தொங்கிக்கொண்டு நிற்கிறதா, பிழைச் செய்தியில் பாஸ்வேர்டையும் சேர்த்து அச்சடிக்கிறதா என்று பாருங்கள். லேபில் ஸ்க்விட் நிறுவ அனுமதி வேண்டுமென்றால் ஐயா இங்கேதான் இருக்கிறார், இப்போதே கேட்டுவிடுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிக்கலாம்.